நிக்கான் டி7200 கேமராவிலிருந்து பெரிய பாடிக்குப் போகலாமா? பறவைப் படத்துக்காகக் கேட்கிறேன்

குளத்துமேடு எழுதியது:

வணக்கம். நாலு மாதமாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற கேள்வி, இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் இருப்பது நிக்கான் டி7200, 2016-இல் வாங்கியது. லென்ஸ் 200-500 மில்லிமீட்டர் எஃப்5.6 ஜூம். திருநெல்வேலிப் பக்கம் குளங்கள்தான் என் இடம், சீசனில் சனி ஞாயிறு கூந்தன்குளம். பள்ளிக்கூட வேலை, படம் எடுத்து ஒரு பைசா சம்பாதித்ததில்லை.

பிரச்சினை கருப்பு வெள்ளை மீன்கொத்தியில் ஆரம்பித்தது. அது தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், உடம்பெல்லாம் ஆடும், தலை மட்டும் ஆடாது. அப்புறம் சிறகை மடக்கிக்கொண்டு கல் மாதிரி விழும். நிற்கும்போதே நான் அழுத்த ஆரம்பித்துவிடுகிறேன், எப்போது விழும் என்று தெரியாதே. சரியாக அது விழுகிற நேரம் பஃபர் (எடுத்த படங்களை அட்டையில் எழுதும்வரை கேமரா வைத்திருக்கிற இடம்) நிரம்பிக் கேமரா மூச்சு வாங்குகிறது, ஒரு படம், நிறுத்தம், ஒரு படம், நிறுத்தம். கையில் மிஞ்சுவது அந்தரத்தில் நிற்கும் பறவையும், பிறகு தண்ணீரில் வட்டமும். நடுவில் நடந்தது எதுவும் இல்லை.

சீட்டு எடுத்ததில் 2 லட்சம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் புரட்டினால் நிக்கான் இசட்8 என்று ஆசை. "இந்தக் கேமராவே நல்லாத்தானே எடுக்குது" என்று வீட்டில் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி, எனக்குத்தான் பதில் சொல்ல வரவில்லை. பெரிய பாடி, அதாவது லென்ஸ் போக உயர்ந்த ரகக் கேமரா, வாங்கினால் உண்மையிலேயே படம் மாறுமா?

மணவறை எழுதியது:

சார், நான் கல்யாணப் படம் எடுக்கிறவன், மதுரை. எங்கள் தொழிலில் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம், ஏனென்றால் தாலி கட்டுகிறதை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரே மெமரி அட்டை போடுகிற பாடி வைத்திருந்தேன். ஒரு முகூர்த்தம் முடிந்து வந்து அட்டையைக் கணினியில் போட்டால் காலி என்று காட்டுகிறது. மீட்கிற மென்பொருளில் ராத்திரி முழுக்க ஓடவிட்டதில் பாதிதான் திரும்பி வந்தது. பெண்ணின் அப்பாவிடம் போய்ச் சொன்ன அந்தப் பத்து நிமிஷத்தை இன்னும் மறக்கவில்லை. அடுத்த மாதமே இரண்டு அட்டை போடும் டி750 வாங்கினேன், கடன் வாங்கித்தான். இரண்டிலும் ஒரே படம் விழுகிற மாதிரி வைத்துவிட்டால் ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும்.

தொழிலுக்கு வாங்கினால் வேறு கணக்கும் இருக்கிறது. கேமராவுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. முறையாகப் பதிவு செய்து வரி கட்டுகிறவர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் (காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அது கிடையாது). உங்களுக்கு விலை முழுக்கக் கைக்காசு. அதனால் என் கணக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். டி7200-இல் இரண்டு அட்டைக்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது, அந்தக் கவலையும் உங்களுக்கு இல்லை.

நாணல்காடு எழுதியது:

பறவைக்காகவே பன்னிரண்டு வருஷமாகச் சுற்றுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இசட்8. அதில் 45.7 மெகாபிக்சல் என்பதைப் பார்த்துவிட்டுப் பறவை பெரிதாகத் தெரியும் என்று நினைப்பவர்கள் நிறைய. 500 மில்லிமீட்டருக்கும் பறவை எட்டவில்லை என்றால் என்ன செய்வீர்கள், வெட்டுவீர்கள். உங்கள் டி7200 சென்சார் அளவுக்கு அதை வெட்டினால் கிடைப்பது சுமார் 19 மெகாபிக்சல். உங்கள் கையில் இருப்பதோ அதே பரப்பில் 24. தூரத்துப் பறவை மேல் விழும் புள்ளிகள் உங்கள் பழைய கேமராவில்தான் அதிகம். இரைச்சலும் (ஐஎஸ்ஓ, அதாவது ஒளிக்கான உணர்திறன், ஏறும்போது படத்தில் மணல் மாதிரித் தெரிவது) அப்படித்தான், இசட்8 மாதிரி ஃபுல் ஃப்ரேம் என்கிற பெரிய சென்சாரில் படம் சுத்தமாக இருக்கும் என்பது படச் சட்டம் நிறையப் பறவை இருந்தால் மட்டுமே. பாதிக்கு மேல் வெட்டி எறிந்த பிறகு அந்த லாபமும் அதோடு போய்விடும்.

இரண்டாவது, பஃபர். டி7200-இல் 14 பிட் ரா (கேமரா மெருகேற்றாத மூல ஃபைல்; பிட் கூடினால் நுணுக்கமும் ஃபைல் அளவும் கூடும்) வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் 18 படம்தான், நொடிக்கு 6 என்றால் மூன்று நொடியில் முடிந்தது. 12 பிட்டுக்கு மாற்றுங்கள், 27 வரை போகும். நாலரை நொடி. பறவைப் படத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க என்னால் முடிந்ததில்லை, நிழலைக் கணினியில் ரொம்ப வெளிச்சமாக்கினால் ஒழிய.

மூன்றாவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கடைசி மூன்று காலைகளில் எடுத்ததில் நீங்கள் தூக்கிப்போட்ட படங்களை எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். கை ஆடினதா, வெயிலில் காற்று நெளிகிற கானலா, ஃபோகஸ் தப்பினதா, வேறா. எண்ணிவிட்டு இங்கே போடுங்கள். பெரிய பாடி எதைச் சரி செய்யும், எதைச் செய்யாது என்று அப்புறம் பேசலாம். எண்ணாமல் வாங்கினவர்கள் பலர் ஆறு மாதம் கழித்து அதே கெட்ட படத்தைப் பெரிய ஃபைலில் வைத்திருக்கிறார்கள், பார்த்திருக்கிறேன்.

எல்லைக்கோடு எழுதியது:

நாணல்காடு அக்கா சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன், பாதிக்கு இல்லை. நான் பத்திரிகைக்கு விளையாட்டுப் படம் எடுக்கிறவன். எண்ணிக்கை அட்டவணையில் வராத விஷயங்கள் பெரிய பாடியில் இருக்கின்றன, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

நிக்கானின் பெரிய பாடியான டி5-ஐ முதல் தடவை கையில் வாங்கியபோது நொடிக்கு 12 படம் என்பதால் நான் அசரவில்லை. கோல் போஸ்ட் பக்கம் ஓடி வருகிறவனுக்கு முன்னால் நடுவர் குறுக்கே போகிறார், கேமரா நடுவர் மேல் தாவவில்லை, ஆளையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு முன் வைத்திருந்த பாடி நடுவரைப் பிடித்துக்கொண்டு திரும்ப வரவே ஒரு நொடி எடுக்கும். அந்த ஒரு நொடிதான் என் சம்பளம். பித்தான்கள் கண்ணை எடுக்காமலே விரலுக்குச் சிக்குவது, தூறலில் பையைத் தேடாமல் நிற்பது, இதெல்லாம் படத்தில் தெரியாது, படம் கிடைத்ததில் தெரியும்.

இசட்8 விஷயத்தில் இன்னொன்று. பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய ஒரு நொடியையும் சேர்த்து வைக்கும் வசதி அதில் இருக்கிறது. ரா கிடையாது, ஜேபெக் மட்டும். ஆனால் மீன்கொத்தி எப்போது விழும் என்று தெரியாத உங்களுக்கு அது எழுதி வைத்த மருந்து. 2024 பிப்ரவரியில் வந்த ஃபர்ம்வேரில் (கேமராவின் உள் மென்பொருளில்) பறவைக்கென்று தனியாகக் கண்டுபிடிக்கும் முறையும் கொடுத்துவிட்டார்கள். உங்கள் 200-500-ஐ எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு அப்படியே மாட்டலாம், ஃபோகஸ் வேலை செய்யும்.

பழுதுமேசை எழுதியது:

கேமரா சர்வீஸ் செய்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை.

குளத்துமேடு சார், பாடி வாங்குவது இருக்கட்டும், உங்கள் லென்ஸும் பாடியும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகிறதா என்று என்றைக்காவது பார்த்தீர்களா? டிஎஸ்எல்ஆரில் (உங்கள் டி7200 மாதிரி உள்ளே கண்ணாடி இருக்கிற கேமராவில்) ஃபோகஸ் பார்க்கிற சென்சார் வேறு, படம் விழுகிற சென்சார் வேறு. கண்ணாடி வழியாக அடியில் இருக்கிற ஃபோகஸ் சென்சாருக்கு ஒளி போகும். அந்த இரண்டு தூரமும் மயிரிழை மாறினாலும் 500-இல் பறவையின் கண்ணுக்குப் பதில் முன்னால் இருக்கிற கோரைப்புல் தெளிவாக இருக்கும். என் மேசைக்கு "கேமரா போய்விட்டது, ஃபோகஸ் ஆகவில்லை" என்று வருவதில் நிறைய இதுதான்.

மெனுவில் ஏஎஃப் ஃபைன் ட்யூன் இருக்கிறது, ஃபோகஸை நாமே முன்னும் பின்னும் நகர்த்தித் திருத்துகிற வசதி. காலையில் காற்று இல்லாத நேரம் பாருங்கள். லென்ஸை 500-இல் வைத்து, நீங்கள் வழக்கமாகப் பறவை எடுக்கிற தூரத்தில் அச்செழுத்து உள்ள ஒரு அட்டையைக் கொஞ்சம் சாய்வாக நிறுத்தி, ட்ரைபாடில் எடுத்துப் பாருங்கள். ஃபோகஸ் முன்னால் விழுந்தால் பிளஸ் பக்கம், பின்னால் விழுந்தால் மைனஸ் பக்கம். ஒவ்வொரு தடவையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுத் திரும்பப் பிடிக்கவிடுங்கள், ஒரு படத்தை நம்பாதீர்கள், பத்தாவது எடுங்கள். செலவு ஒன்றுமில்லை.

குளத்துமேடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாணல்காடு அக்கா சொன்னபடி எண்ணிவிட்டேன், இரண்டு ராத்திரி ஆனது. மூன்று காலைகளில் கெட்டுப்போன படம் 212. அதில் கை ஆட்டமும் ஷட்டர் வேகம் பற்றாததும் 74, கானல் 49, ஃபோகஸ் தப்பியது 58. மிச்சம் 31 பறவை சட்டத்தை விட்டு வெளியே போனது. பஃபர் நிரம்பித் தவறியதை எண்ண முடியாது, எடுக்காத படத்துக்கு ஃபைல் இல்லையே, ஆனால் மீன்கொத்தி 17 தடவை விழுந்ததில் 8 தடவை கேமரா நின்றுவிட்டது என்று நினைவிருக்கிறது.

எனக்கே ஆச்சரியம். பஃபர்தான் எதிரி என்று நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் இடத்தில் இருப்பது என் கை.

நாணல்காடு எழுதியது:

நல்ல வேலை செய்தீர்கள். 74-க்கும் 49-க்கும் எந்தப் பாடியும் மருந்து இல்லை. சிறகடிக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/3200 நொடி வேண்டும், ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும், ஐஎஸ்ஓ 3200-இல் கொஞ்சம் மணலாக இருக்கிற கூர்மையான படம், 400-இல் வழவழவென்று கலங்கின படத்தைவிட மேல். ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு ஷட்டர் வேகத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸே 2.3 கிலோ, கையில் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பீர்கள், ஒற்றைக்கால் ஸ்டாண்டு ஒன்று வாங்குங்கள்.

கானலுக்கு ஒரே வழி நேரம். வெயில் ஏறின பிறகு குளத்தங்கரையில் காற்று நெளிவது வெறும் கண்ணுக்கே தெரியும், 500-இல் அது பறவையின் இறகை மெழுகு மாதிரி உருக்கிவிடும். எட்டரைக்கு மேல் தூரத்துப் பறவையை விட்டுவிடுங்கள், கிட்டே வருவதை மட்டும் எடுங்கள். பழுதுமேசை சார் சொன்ன சோதனையையும் செய்துவிட்டு, திரும்ப இரண்டு வாரம் எண்ணுங்கள். அதற்கப்புறமும் ஃபோகஸ் 58-லேயே நின்றால் பாடியைப் பற்றிப் பேசுவோம், நானே வாங்கச் சொல்வேன்.

புதுவரவு11 எழுதியது:

நிக்கான் இசட்50 இரண்டாம் பதிப்பைப் பார்த்தீர்களா? இசட்8-இல் இருக்கும் அதே பிராசஸர், பறவையைக் கண்டுபிடிக்கிறது, உங்கள் டி7200 மாதிரியே சின்ன (கிராப்) சென்சார், விலையும் சீட்டுப் பணத்துக்குள் அடங்கும். முன்கூட்டிச் சேமிக்கிற வசதியும் இருக்கிறது.

எல்லைக்கோடு எழுதியது:

@புதுவரவு11, நல்ல யோசனைதான் தம்பி, ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. முன்கூட்டிச் சேமிப்பது எலக்ட்ரானிக் ஷட்டரில்தான், அதாவது திரை ஓடாமல் சென்சாரே படத்தைப் படிப்பது. அந்தச் சென்சார் மேலிருந்து கீழே வரிசை வரிசையாக மெதுவாகப் படிக்கும். அதற்குள் மீன்கொத்தி நகர்ந்துவிடும், சிறகு வாழையிலை மாதிரி வளைந்து விழும். இசட்8, இசட்9 சென்சார் சுமார் 1/270 நொடியில் படித்து முடிப்பதால்தான் அவற்றில் மெக்கானிக்கல் ஷட்டரையே எடுத்துவிட்டார்கள். பெரிய பாடிக்குக் கொடுக்கிற காசில் பெரும்பங்கு அந்தச் சென்சாருக்குத்தான். மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 11 என்றால் இசட்50 இரண்டு நன்றாகவே ஓடும், உட்கார்ந்திருக்கும் பறவைக்கும் நிதானமாகப் பறப்பதற்கும் தாராளமாகப் போதும்.

மணவறை எழுதியது:

நடுவில் என் கேள்வி ஒன்று, மன்னிக்கவும். நானும் மிரர்லெஸ் (இசட்8 மாதிரி உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) போகலாம் என்றிருக்கிறேன். என்னிடம் பழைய 80-200 எஃப்2.8 டி லென்ஸ் இருக்கிறது, அதை எஃப்டிஇசட்டில் போட்டால் ஃபோகஸ் ஆகுமா?

பழுதுமேசை எழுதியது:

ஆகாது. அந்த லென்ஸைச் சுழற்றுகிற மோட்டார் பாடிக்குள் இருப்பது, அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை. கையால்தான் திருக வேண்டும். இன்னொன்று, மண்டபத்தில் இப்போது எல்லாம் எல்இடி விளக்கு. மெதுவாகப் படிக்கும் சென்சாரில் எலக்ட்ரானிக் ஷட்டர் வைத்தால் மணமக்கள் முகத்தில் பட்டை பட்டையாக விழும். வாங்குவதற்கு முன் பாடியை ஒரு நாள் மண்டபத்துக்கே கொண்டுபோய்ப் பாருங்கள்.

குளத்துமேடு எழுதியது:

மூன்று வாரம் ஆகிவிட்டது, பதில் போடத் தாமதம்.

முதலில் ஃபைன் ட்யூன். என் லென்ஸின் ஃபோகஸ் முன்னால் விழுந்துகொண்டிருந்தது, பிளஸ் 8-இல் சரியானது. ஒன்பது வருஷமாக எடுத்த படங்களில் எத்தனை இதனால் போனதோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது. 12 பிட்டுக்கு மாற்றினேன், நிற்கும்போது அழுத்தாமல் தலை சட்டென்று கீழே குனியும்போது அழுத்தப் பழகினேன், அதிலேயே பஃபர் தொல்லை பாதி போய்விட்டது. ஸ்டாண்டு வாங்கினேன். எட்டரைக்குக் கிளம்பிவிடுகிறேன்.

திரும்ப மூன்று காலை எண்ணினேன். கெட்டது 95. கை ஆட்டம் 19, கானல் 12, சட்டத்துக்கு வெளியே 20. ஆனால் ஃபோகஸ் 44. இது இறங்க மாட்டேன் என்கிறது. எல்லாம் ஒரே மாதிரிப் படம், பறவை கோரைக்கு முன்னால் பறக்கும்போது கேமரா பறவையை விட்டுவிட்டுக் கோரையைப் பிடிக்கிறது.

எல்லைக்கோடு எழுதியது:

இப்போது சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். இந்த 44 உங்கள் தப்பு இல்லை, இது பாடியின் எல்லை. டி7200-இல் குரூப் ஏரியா என்ற முறையே கிடையாது. தேர்ந்த ஃபோகஸ் புள்ளியில் பறவையை வைத்திருக்க வேண்டும், நழுவினால் பின்னணிக்குத் தாவிவிடலாம். நிக்கானின் டி500 பாடியில் புள்ளிகளைக் கொத்தாகச் சேர்த்து, கொத்துக்குள் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதைப் பிடிக்கும். கோரைக்கு முன்னால் பறக்கிற பறவைதானே கிட்டத்தில் இருக்கிறது. 153 புள்ளி, சட்டத்தின் அகலத்தில் கிட்டத்தட்ட ஓரம் வரை பரவியிருக்கும், டி5-இல் இருந்த அதே ஃபோகஸ் அமைப்பு, இரண்டும் 2016 ஜனவரியில் ஒன்றாக அறிவித்தவை. நொடிக்கு 10, ராவிலேயே 200 படம் வரை நிற்காது.

நாணல்காடு எழுதியது:

நானும் ஒத்துக்கொள்கிறேன். முதலில் வாடகைக்கு எடுங்கள், அதே குளம், அதே கோரை, அதே நேரம். இசட்8-உம் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள், என் பேச்சை மட்டும் வைத்து அதை ஒதுக்க வேண்டாம்.

குளத்துமேடு எழுதியது:

டி500, இசட்8 இரண்டையும் வாடகைக்கு எடுத்தேன், ஒவ்வொன்றும் ஒரு நாள்.

இசட்8 அற்புதமான கேமரா, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வியூஃபைண்டர் ஒரு கணம்கூட இருட்டவில்லை, பறவையின் கண் மேல் சின்னச் சதுரம் ஒட்டிக்கொண்டே போகிறது, விழும் படம் அலகு தண்ணீரைத் தொடும் முன்னாலேயே கிடைத்தது. கையில் வைத்துக்கொண்டு திரும்பக் கொடுக்க மனசே வரவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு காலையில் 2,000 படம். ரா ஒவ்வொன்றும் 50 எம்பி பக்கம், 100 ஜிபி. என் மடிக்கணினி அதைத் திறக்கவே திணறியது. பாடி மூன்று லட்சத்துக்கு மேல், அதற்கு அட்டை, அடாப்டர், கணினி என்று அடுத்தடுத்து வரிசை கட்டி நிற்கிறது. வெட்டிப் பார்த்தால் அக்கா சொன்ன மாதிரி தூரத்துப் பறவை என் பழைய படத்தைவிடப் பெரிதாக இல்லை.

டி500-இல் கோரைப் பக்கம் மட்டும் வேண்டுமென்றே நின்று எடுத்தேன். ஒரு நாள் முழுக்க ஃபோகஸ் தப்பியது 11. வியூஃபைண்டரில் கொத்துப் புள்ளி பறவை மேல் இருக்கும்போது பின்னால் கோரை ஓடுகிறது, பறவை அப்படியே நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பதில் கிடைத்துவிட்டது, வீட்டிலும் அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் காட்டினேன். பழையது டி500 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், பத்திரிகைக்காரர் ஒருவரிடம் இருக்கிறது, 70 ஆயிரம் சொல்கிறார். 2022-இல் நிறுத்திவிட்ட மாடல் என்பதுதான் சின்னத் தயக்கம். என்ன பார்க்க வேண்டும்?

பழுதுமேசை எழுதியது:

ஷட்டர் எண்ணிக்கை முதலில், அதாவது பாடி இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பது. அன்றைக்கே ஒரு படம் எடுத்து அந்த ஃபைலைக் கேளுங்கள், எண்ணிக்கை அதற்குள்ளேயே இருக்கும், அவர் வாயால் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டாம். 2 லட்சம் தடவைக்குச் சோதித்த ஷட்டர் அது, ஒன்றரையைத் தாண்டியிருந்தால் விலையில் ஷட்டர் மாற்றுகிற செலவைக் குறைத்துக் கேளுங்கள். லென்ஸ் துவாரத்தை எஃப்16-க்குச் சின்னதாக்கி வானத்தை ஒரு படம் எடுத்து சென்சாரில் பூஞ்சையோ எண்ணெய்ப் புள்ளியோ இருக்கிறதா பாருங்கள். லென்ஸ் மாட்டுகிற வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் விழுந்த பாடியாக இருக்கலாம். அட்டைக் கதவின் ரப்பர், மெமரி இடத்துக்குள் வளைந்த பின், இதெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பேட்டரியின் முதுகில் லி-அயான் 01 என்று போட்டிருந்தால் டி500-இல் சீக்கிரம் தீர்ந்துவிட்டதாகக் காட்டும், 20 என்று போட்டது வாங்கிக்கொள்ளுங்கள்.

குளத்துமேடு எழுதியது:

எண்ணிக்கை 61 ஆயிரம். வளையம் சுத்தம். வாங்கிவிட்டேன். ஒரே ஒரு கேள்வி, டி500-இல் போடுகிற எக்ஸ்க்யூடி மெமரி அட்டை எங்கள் பக்கம் எந்தக் கடையிலும் இல்லை, சனிக்கிழமைக்குள் வேண்டும்.

எல்லைக்கோடு எழுதியது:

தேட வேண்டாம். பாடியில் ஃபர்ம்வேர் 1.30 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா பாருங்கள், 2020 டிசம்பரில் வந்தது. அது இருந்தால் அதே இடத்தில் சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி வகை அட்டை போடலாம், அது பெரிய ஊர்க் கடைகளில் கிடைக்கிறது. ஏ வகை அளவே வேறு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். சனிக்கிழமை எடுத்ததை இங்கே போடுங்கள், கோரை தெரிகிற மாதிரி, வெட்டாமல்.